மண்ணு செத்துப் போச்சாம்!

நெல்லை டவுனிலோ பாளையங்கோட்டையிலோ ஏதாவது ஒரு மீன்கடைக்குப் போய் (வறுக்கிற மீன் இல்லை, வளர்க்கிற மீன்) "அண்ணாச்சி, தொட்டியில செடியெல்லாம் மஞ்சளாப் போகுது" என்று சொன்னால் போதும். பதில் தயாராக இருக்கும். "மண்ணு செத்துப் போச்சு தம்பி. எல்லாத்தையும் அள்ளிப் போட்டுட்டு புதுசு போட்ருங்க."

அன்று சாயங்காலமே பையன் பக்கெட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். மொத்த மணலையும் வாரி எறிந்து, புது மணலைக் குழாயடியில் பளபளவென்று அலசிப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, போட்டோவும் எடுத்தாகிவிடும். மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஒரு வாரத்தில் பாதி மிதக்கும். அதற்கும் அண்ணாச்சியிடம் பதில் உண்டு: "தண்ணி சேரலை தம்பி."

தண்ணீர் என்ன பாவம் செய்தது? செத்தது மண் இல்லை. உயிரோடு இருந்த மண்ணைத்தான் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்.

மீனின் கழிவிலிருந்து வருவது அம்மோனியா. அது மீனுக்கே விஷம். அதை நைட்ரைட்டாக்குவது ஒரு வகை பாக்டீரியா. நைட்ரைட்டை அதிகம் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக்குவது இன்னொரு வகை. அந்த நைட்ரேட்டைச் செடி தின்னும். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் நீந்திக்கொண்டு திரிவதில்லை. ஃபில்டரிலும் மணல்துகள் ஒவ்வொன்றின் மேலும் வழவழவென்று படலமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த வழவழப்பைத்தான் 'அழுக்கு' என்று அலசுகிறார்கள். அது மறுபடி உண்டாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் மூச்சை அடக்கிக்கொண்டா இருக்கும்? அதுவும் நெல்லை வெயிலில்! சூடு ஏற ஏற அம்மோனியாவின் விஷப் பங்கு கூடும், தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மே மாதத்தில் மணல் மாற்றுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல.

இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டாம். பாபநாசம் படித்துறையில் பொரி போட்டுவிட்டு நின்றால் போதும். முண்டியடித்து வரும் அந்த மீன்களுக்கு யாரும் வருஷா வருஷம் மணல் மாற்றவில்லை. தாமிரபரணிக்கென்றே ஒரு கெண்டை இனம் இருக்கிறது. 1954ல் சைலஸ் என்ற ஆய்வாளர் விவரித்து, இந்த ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். ஆற்றின் படுகை இருக்கிறவரைக்கும்தான் அதுவும்.

"ஆறே வெள்ளம் வந்தால் மணலை மாற்றுகிறதே, 2023 டிசம்பரில் மாற்றவில்லையா?" என்று கேட்கிற புத்திசாலிகள் உண்டு. வெள்ளம் கீழே இழுத்துப் போகிற இடத்தில் மேலே இருந்த மணலைக் கொண்டுவந்து போடுகிறது. அதுவும் ஆற்றில் ஊறிய மணல்தான், மூட்டையில் வந்த புது மணல் இல்லை. தவிர, ஆறு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. இரண்டடித் தொட்டி அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது.

மணல் என்றால் அள்ளிக்கொண்டு போக வேண்டிய வெறும் பொருள் என்ற நினைப்பு மீன்கடையில் தொடங்கியது இல்லை. அதே நினைப்பில்தான் லாரி லாரியாக ஆற்றையே சுரண்டினார்கள். நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் ஐந்து வருஷத்துக்கு மணல் அள்ளத் தடை போட வேண்டிவந்தது. அள்ளியதற்கு ஈடாக மலையிலிருந்து மணல் இறங்கவும் வழி குறைவு. பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் குறுக்கே நிற்கின்றன.

நியாயமாகச் சொன்னால் மீன் தொட்டியால் ஆறு வற்றாது. இரண்டடி நீளம், ஓரடி அகலத் தொட்டியில் இரண்டு அங்குல உயரத்துக்கு மணல் போட்டால் ஒன்பது லிட்டர் சொச்சம். லாரிக்காரர் கணக்கில் ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. அதில் முந்நூறு தொட்டி நிரப்பலாம். ஆனாலும் தேவையே இல்லாமல் வருஷத்துக்கு ஒரு தடவை எதற்கு?

மாற்றாக வருவதும் சுகமில்லை. திருச்செந்தூர்ப் பக்கம் கடல் மணலில் சிப்பித் தூள் இருக்கும், தண்ணீரைக் கடினமாக்கும். (கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பார்த்தால் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும்.) எம்-சாண்ட் கூர்மையானது, அடியில் மேய்கிற மீனின் மீசையைக் கிழிக்கும். நீலக் கல், ரோஸ் கல் பற்றிப் பேசவே வேண்டாம். வெளிநாட்டு ஆக்வா சாயில் செடிக்கு நல்லதுதான், ஆனால் பை ஆயிரக்கணக்கில் விலை. போட்ட முதல் வாரங்களில் அதுவே அம்மோனியாவைக் கக்கும். ஓரிரு வருஷத்தில் உருண்டைகள் உடைந்து சேறாகும். மாற்ற வேண்டியது என்று ஒன்று இருந்தால் அதுதான்.

செடி மஞ்சளாவது பெரும்பாலும் பசியால். குளத்துக் களிமண்ணைக் கோலிக்குண்டு அளவு உருட்டி, நன்றாகக் காயவைத்து வேரடியில் சொருகினால் பலன் தெரியும். உரம், மருந்து அடித்த வயல் மண் கூடாது. மணலுக்குள் புகுந்து திரியும் சின்ன நத்தைகளைக் கண்டால் விரட்ட வேண்டாம். கூலி வாங்காமல் உழுகின்றன.

மாற்றியே தீரவேண்டும் என்றால் ஒரு தடவைக்குக் கால்வாசி. அடுத்த கால்வாசிக்கு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். பழைய மணலில் ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து உள்ளேயே போட்டுவைக்க வேண்டும். ஃபில்டரை அந்த மாதம் தொடவே கூடாது. ஆழத்தில் கறுத்து, அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற இடம் இருந்தால் கிளறாமல் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும்.

சந்தேகம் இருப்பவர்கள் அடுத்த தடவை கடைக்குப் போகும்போது, கல்லாவுக்குப் பக்கத்தில் வாஸ்துவுக்காக வைத்திருக்கும் தொட்டியைக் காட்டி, "அண்ணாச்சி, இதுல மண்ணு எப்ப மாத்துனீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.