கேட்கும் காதுக்கு என்ன விலை?

கோவைப் பக்கத்திலிருந்து ஒரு பஞ்சாலைத் தொழிலாளி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஸ்பின்னிங்கில் இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர். மகன் பி.காம். படித்தவன். ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தான். ஆட்குறைப்பு என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறான். இப்போது "லைப் கோச்" ஆவதற்குப் படிக்கப் போகிறேன் என்கிறானாம். ஆறு மாதப் படிப்பு. வகுப்பெல்லாம் செல்போனிலேயே நடக்கும். கட்டணம் ஒன்றரை லட்சம் ரூபாய். படித்து முடித்தால் மாதம் லட்ச ரூபாய் சம்பாதிக்கலாம் என்று விளம்பரம் சொல்கிறதாம். மனைவியின் கழுத்தில் இருக்கும் ஒரே சங்கிலியை அடகு வைத்துக் கட்டலாமா என்று தோழர் கேட்கிறார்.

கூடாது என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிடலாம். அது போதாது. அந்தப் பையன் சோம்பேறி அல்ல. வேலை தேடி அலைந்து, அலுத்து, எங்காவது ஒரு கதவு திறக்காதா என்று பார்க்கிறான். அவனைத் திட்டி வாயை அடைப்பது சுலபம். கணக்குக் காட்டிச் சொல்வதே முறை. ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

லைப் கோச் என்பவர் யார்?

வாழ்க்கைக்குப் பயிற்சி தருபவர் என்று பொருள் சொல்லலாம். வாடிக்கையாளர் அவரிடம் மணிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துப் பேசுகிறார். கோச் மருந்து கொடுப்பதில்லை, வியாதி பார்ப்பதில்லை, உபதேசமும் செய்யக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் விதி. கேள்வி கேட்பார். "உங்களுக்கு என்ன வேண்டும்? உங்களைத் தடுப்பது எது? அடுத்த வாரத்துக்குள் என்ன செய்யப் போகிறீர்கள்?" இதுதான் அவர் தொழில். பொறுமையாகக் கேட்பது, சரியான கேள்வி போடுவது, சொன்னதைச் செய்தாரா என்று மறு வாரம் விசாரிப்பது.

"கோச்" என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. ஹங்கேரி தேசத்தில் கோச் என்று ஒரு கிராமம். அங்கே செய்த குதிரை வண்டி ஐரோப்பா முழுவதும் பேர் பெற்று, வண்டிக்கே ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1830-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், பரீட்சைக் கரை சேர்க்கும் வாத்தியாரைக் கேலியாக "கோச்" என்று அழைத்தார்கள். பிறகு விளையாட்டுப் பயிற்சியாளருக்கு அந்தப் பெயர் வந்தது. இன்று வாழ்க்கைக்கே கோச் வந்துவிட்டார்!

இந்தத் தொழில் பிறந்தது அமெரிக்காவில். டிமத்தி கால்வே என்ற டென்னிஸ் பயிற்சியாளர், ஆட்டக்காரனுக்கு எதிரி வலைக்கு அப்பால் மட்டும் இல்லை, அவன் மனதுக்குள்ளும் இருக்கிறான் என்று 1974-ல் ஒரு புத்தகம் எழுதினார். கம்பெனி நிர்வாகிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1992-ல் தாமஸ் லெனார்டு என்பவர் கோச்சுகளைத் தயாரிக்கவே ஒரு பள்ளி தொடங்கினார். மற்றவர்களுக்குப் பண விஷயத்தில் திட்டம் போட்டுக் கொடுப்பது அவருடைய பழைய தொழில். வகுப்புகளை டெலிபோன் வழியாகவே நடத்தினார். 1995-ல் சர்வதேசக் கோச் சம்மேளனம் என்ற ஸ்தாபனம் தோன்றியது. அன்று டெலிபோனில் நடந்தது இன்று செல்போனில் நடக்கிறது.

பாய்லருக்கு லைசென்ஸ், வாழ்க்கைக்கு வேண்டாமா?

மில்லில் பாய்லரை இயக்குகிறவருக்குச் சர்க்கார் சர்டிபிகேட் வேண்டும். வயர்மேனுக்கு லைசென்ஸ் வேண்டும். பஸ் டிரைவருக்கு லைசென்ஸ் வேண்டும். மனநோய் பார்க்கும் டாக்டர் சட்டப்படிப் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். தவறு செய்தால் அவரை விசாரிக்க ஒரு கவுன்சில் இருக்கிறது.

லைப் கோச்சுக்கு? நம் நாட்டில் ஒன்றும் வேண்டாம். தொழில் பிறந்த அமெரிக்காவிலும் இதற்குச் சர்க்கார் லைசென்ஸ் கிடையாது. இன்று காலை போர்டு மாட்டினால் இன்று மாலையே கோச்!

அப்படியானால் அந்தச் சர்டிபிகேட்? அது தனியார் ஸ்தாபனம் தருவது. மேலே சொன்ன சம்மேளனம் மூன்று படி வைத்திருக்கிறது. முதல் படிக்கு 60 மணி நேரப் படிப்பும், வாடிக்கையாளரோடு 100 மணி நேர அனுபவமும் வேண்டும். இரண்டாம் படிக்கு 125 மணி படிப்பு, 500 மணி அனுபவம். மூன்றாம் படிக்கு 200 மணி படிப்பு, 2,500 மணி அனுபவம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மேற்படிப்பும் கட்டணமும் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். இது நேர்மையான ஏற்பாடு இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஒழுக்க விதி வைத்திருக்கிறார்கள், மணிக்கணக்குக் கேட்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு இது மேல். ஆனால் இந்தச் சம்மேளனத்துக்கு வெளியே, பத்து நாளில், இரண்டே நாளில் சர்டிபிகேட் அச்சடித்துக் கொடுப்பவர்களும் தாராளமாக இருக்கிறார்கள். இரண்டு காகிதமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்.

யாருக்கு லாபம்?

இனி கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் பெயர் பெற்ற பள்ளிகளில் முழுப் படிப்புக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேலும் வாங்குகிறார்கள். அந்த நாட்டின் மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 முதல் அந்த இடத்திலேயே நிற்கிறது. பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக நிர்ணயித்திருக்கின்றன. நிர்ணயிக்காத மாநிலத்தில் இதுதான் கூலி. அங்கே ஒரு ஹோட்டல் தொழிலாளி பத்தாயிரம் டாலர் சேர்க்க வேண்டுமானால் சுமார் 1,380 மணி நேரம் உழைக்க வேண்டும். தினம் எட்டு மணி வீதம் 172 நாள். அதுவும் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல்!

சம்மேளனமே எடுத்த கணக்கின்படி உலகத்தில் கோச்சுகள் 2019-ல் 71,000 பேர். 2022-ல் 1,09,200 பேர். மூன்றே வருஷத்தில் பாதிக்கு மேல் கூடிவிட்டார்கள். அவை எந்த வருஷங்கள்? கொரோனா வந்து கம்பெனிகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே தள்ளிய வருஷங்கள். வேலை இழந்தவனுக்கு ஆறுதல் வேண்டியிருந்தது; அதோடு புதுப் பிழைப்பும் வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே கடையில் விற்றால் வியாபாரம் வளராதா?

மாணவன் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் பள்ளிக்குப் பணம் முதல் நாளே வந்துவிடுகிறது. மாணவனுக்கோ, படித்து முடித்த பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது. அவனுக்கு மேஸ்திரி இல்லை, சம்பளத் தேதி இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, பி.எப். இல்லை. வாடிக்கையாளரை அவனே பிடிக்க வேண்டும். மணிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்துத் தன் மனக்கஷ்டத்தைச் சொல்லக் கூடியவர் யார்? அவன் தெருவில் இருக்கிறாரா? மாமன் மச்சான் வட்டத்தில் இருக்கிறாரா? கம்பெனி மேனேஜர்களுக்குக் கோச்சாக இருப்பவர் பெரும்பாலும் முன்பு தாமே மேனேஜராக இருந்தவர். பழைய பழக்கமே அவருக்கு மூலதனம். தொழிலாளி மகனுக்கு அந்த மூலதனம் எங்கிருந்து வரும்?

வாடிக்கையாளர் கிடைக்காத கோச் கடைசியில் என்ன செய்கிறார்? கோச் ஆவது எப்படி என்று வகுப்பு நடத்தத் தொடங்குகிறார்! தொழிலைச் செய்து கிடைக்கும் பணத்தைவிடத் தொழிலைச் சொல்லிக் கொடுத்துக் கிடைக்கும் பணம் பெரிதாக இருக்குமானால், அங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2018-ல் அமெரிக்க சர்க்காரின் வர்த்தக ஆணையம் ஒரு கம்பெனி மீது வழக்குப் போட்டது. இது லைப் கோச் பள்ளி அல்ல. இன்டர்நெட் வழியாக வியாபாரம் கற்றுத் தருகிறோம், கூடவே ஒரு கோச்சும் தருகிறோம் என்ற கம்பெனி. 49 டாலரில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, ஏறத்தாழ 60,000 டாலர் வரை வாங்கியது. ஆயிரக்கணக்கான பேரிடம் 12.5 கோடி டாலருக்கு மேல் கறந்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. சேர்ந்தவர் சம்பாதிக்க வழி என்ன? அதே படிப்பை அடுத்தவர் தலையில் கட்டுவதுதான்!

ஹாதார்ன் சொல்லும் பாடம்

இந்த விஷயத்தில் மில் தொழிலாளர் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கம் உண்டு.

அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த சிசரோ என்ற ஊரில் ஹாதார்ன் தொழிற்சாலை இருந்தது. டெலிபோன் சாமான் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்குச் சொந்தம். 1928 முதல் சில வருஷங்களில் அங்கே 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளரை நிர்வாகம் பேட்டி கண்டது. ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் பக்கத்தில் இருந்தார்கள். தொழிலாளி மனம் விட்டுப் பேசினால் மனக்கொதிப்பு ஆறுகிறது என்று கண்டார்கள். அவன் சொல்லும் குறையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அது அவன் உள்ளக் கோளாறின் அடையாளமாகவும் இருக்கலாம் என்றும் எழுதி வைத்தார்கள்.

1935-ல் அமெரிக்காவில், தொழிலாளர் சங்கம் வைக்கவும் கூட்டுப் பேரம் பேசவும் உரிமை தரும் சட்டம் வந்தது. அடுத்த வருஷம், 1936-ல், ஹாதார்னில் ஆலோசகர் இலாகா ஒன்று பிறந்தது. கம்பெனிச் சம்பளத்தில் ஆலோசகர்கள் இயந்திரங்களுக்கு நடுவே நடமாடினார்கள். தொழிலாளி என்ன சொன்னாலும் காது கொடுத்துக் கேட்டார்கள். குறுக்கே பேசவில்லை, கோபிக்கவில்லை, மேலதிகாரியிடம் கோள் சொல்லவில்லை. எல்லாம் சரி. ஆனால் ஒரு விதி இருந்தது. கேட்ட குறைக்கு அவர்கள் எந்தப் பரிகாரமும் செய்யக் கூடாது! கூலி குறைவு என்றால் கேட்டுக்கொள்ளலாம். கூட்டித் தரச் சொல்ல முடியாது. போர்மன் கொடுமை என்றால் கேட்டுக்கொள்ளலாம். போர்மனைத் தட்டிக் கேட்க முடியாது. இருபது வருஷம் நடந்த அந்த ஏற்பாடு 1956-ல் மூடப்பட்டது. தொழிற்சாலையே 1983-ல் மூடப்பட்டது.

இன்று பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கோச்சுகளை அமர்த்துகின்றன. பெயர் புதிது; ஹாதார்ன் பழசு.

"உங்களைத் தடுப்பது எது?" என்பது நல்ல கேள்விதான். பெரிய சம்பளக்காரர் ஒருவரிடம் கேட்டால், "என் கூச்சம் தடுக்கிறது, என் சோம்பல் தடுக்கிறது" என்று பதில் வரலாம். கோச் அவருக்கு உண்மையாகவே உதவலாம். அதை நாம் மறுக்கவில்லை. அதே கேள்வியைப் பதிலித் தொழிலாளியிடம் கேளுங்கள். "நாளைக்கு ஷிப்டு உண்டா இல்லையா என்று தெரியாதது தடுக்கிறது" என்பார். நடவுக்குப் போகும் பெண்ணிடம் கேளுங்கள். "கந்துவட்டிக்காரன் தடுக்கிறான்" என்பார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு கோச் என்ன செய்வார்? "உங்கள் கையில் இருப்பதை மாற்றுங்கள்" என்பார். கையில் என்ன இருக்கிறது, அடகுச் சீட்டைத் தவிர?

மகனுக்குச் சொல்ல வேண்டியது

தோழரே, உங்கள் மகனை உட்கார வைத்து இந்தக் கேள்விகளை அந்தப் பள்ளிக்காரர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். சென்ற வருஷம் எத்தனை பேர் படித்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் இந்தத் தொழிலை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறார்கள்? அவர்களில் ஐந்து பேரோடு, பள்ளிக்காரர் பக்கத்தில் இல்லாமல், நாங்கள் பேசலாமா? சர்டிபிகேட் யார் கொடுப்பது? பாதியில் நின்றால் பணம் திரும்புமா? எழுத்தில் தருவீர்களா? "இன்று இரவுக்குள் கட்டினால் பாதிக் கட்டணம்" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே எழுந்து வந்துவிடட்டும்.

பிறர் கஷ்டத்தைக் கேட்டு உதவுவதில் அவனுக்கு மெய்யான ஆசை இருக்குமானால் அது நல்ல ஆசை. அதற்குச் சமூகப்பணி, உளவியல் என்று கல்லூரிகளில் பட்டப்படிப்பு இருக்கிறது. அதைப் படித்தவரை ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலைக்கு எடுக்கிறார்கள். உடனடியாக உத்தியோகம் வேண்டுமானால், சர்க்கார் பரீட்சைகளுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீசில் இலவச வகுப்பு நடக்கிறது, போய் விசாரிக்கட்டும். எட்டு மாதம் வீட்டில் இருந்த பையன் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல் இருந்தால் அது கோச் பார்க்கும் விஷயமே அல்ல. சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச டெலிபோன் எண் 2022 முதல் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டு மாதம் அந்தப் பையன் வீட்டில் இருந்தான். "எப்படி இருக்கிறாய், தம்பி?" என்று முதலில் கேட்டது யார்? ஒரு விளம்பரம்! தகப்பனார் சங்க உறுப்பினர். சங்க ஆபீஸ் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நாம் கேட்டோமா? போனஸ் பேச்சும் பஞ்சப்படிக் கணக்கும் முடிந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் போகிறோம். வேலை போன பிள்ளைகள் வந்து உட்கார ஒரு பெஞ்சு அங்கே உண்டா? கேட்க ஆள் இல்லாத ஊரில்தான் கேட்கும் காதுக்கு ஒன்றரை லட்சம் விலை வைக்க முடியும். இது நம் குறை. ஒப்புக்கொள்கிறோம்.

தோழரே, சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகனைச் சங்க ஆபீசுக்கு அழைத்து வாருங்கள். அவனைப் போல வேலை போன இன்னும் நாலு பேர் அந்தத் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களையும் அழைத்து வாருங்கள். எல்லோரும் பேசட்டும், நாம் கேட்போம். ஹாதார்ன் ஆலோசகருக்கு இருந்த விதி நமக்கு இல்லை. கேட்டதோடு நிற்க வேண்டியதில்லை.