எலும்பும் கிழங்கும்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது. தென்னை மாறுவதில்லை, வெயிலும் மாறுவதில்லை. மாறுவது சாப்பாட்டுக் கடைப் பலகை. இந்தப் பக்கம் கூச்சத்தோடு ஒதுங்கியிருந்த 'பீஃப்', அந்தப் பக்கம் புரோட்டாவுக்குப் பக்கத்திலேயே சகஜமாக இடம்பிடித்திருக்கும்.

செவ்வாயும் வியாழனும் கூடும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரியேறும் மாடுகளில் உழுது ஓய்ந்தவையும் பால் வற்றியவையும் உண்டு. கிழமாட்டின் இறைச்சிக்கு ருசி அதிகம், பிடிவாதமும் அதிகம். அவசரப்பட்டால் செருப்புத் தோல்தான்.

இதற்கு ஆங்கிலேயர் கண்ட வழி பீர். மலிவான துண்டங்களைக் கறுப்பு பீரில் மணிக்கணக்கில் வேகவிட்டு, மேலே மாவு மூடி போட்டுச் சுட்டெடுத்தால் 'பை'. தெற்கே இடுக்கி மலையில் குடியேறிய விவசாயிகள் கண்ட வழி 'எல்லும் கப்பயும்': எலும்பும் மரவள்ளிக் கிழங்கும். இரண்டிலும் கணக்கு ஒன்றே: கொஞ்சம் இறைச்சி, நிறைய மாவுச்சத்து, வீடு முழுவதற்கும் சாப்பாடு.

கொங்கு நாட்டின் குச்சிக் கிழங்கு, குமரி மாவட்டத்தின் மரச்சீனி எல்லாம் இதே கப்பதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இதை ஊக்குவித்தார். 1942-ல் ஜப்பானிடம் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது, பஞ்சத்தைத் தாங்கிப் பிடித்தது கிழங்குதான்.

வீட்டில் செய்வது எளிது. சதையோடு கூடிய விலா எலும்பு 1 கிலோ. மஞ்சள், மிளகாய், மல்லித் தூள், மிளகு, இஞ்சி, பூண்டு, உப்பு பிசறி அரை மணி நேரம் ஊறவிடவும். சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தேங்காய் எண்ணெயில் சிவந்ததும் இறைச்சியைப் போட்டுப் புரட்டி, சிறிது தண்ணீர் விட்டு மூடி, சிறு தீயில் இரண்டு மணி நேரமாவது வேகவிடவும். சதையைக் கட்டிப்போட்டிருக்கும் நார்ப்புரதம் மெல்லக் கூழாகிக் குழம்பைக் கெட்டிப்படுத்தும். நேரத்துக்கு மாற்று கிடையாது. குக்கர் அதைக் குறைக்கும், அவ்வளவே.

கிழங்கு ஒன்றரை கிலோ. தோலுரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இயற்கையாக உள்ள சயனைடு சேர்மங்கள் நச்சு. பிறகு, வறுத்து அரைத்த தேங்காயோடு கறியில் சேர்த்து, மரக்கரண்டியால் மசித்துக் கிளறி இறக்கவும். எருமை இறைச்சிக்கும் இதே முறைதான்.

பீர் ஊற்றிப் பார்க்க விரும்புவோர் தண்ணீருக்குப் பதில் ஒரு கோப்பை விடலாம். கொதித்தால் சாராயம் முழுக்கப் பறந்துவிடும் என்பது தவறு. இரண்டரை மணி நேரம் கொதித்த பிறகும் சுமார் 5 சதவீதம் தங்கும். குழந்தைகளுக்கு வேண்டாம்.

இந்தச் சட்டி ஒருமுறை டெல்லி வரை கொதித்தது. 2017 மே மாதம், வெட்டுக்காகச் சந்தைகளில் மாடு, எருமை விற்கக் கூடாதென்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. மே 30-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. இடையே ஜூன் 8-ல், கேரள சட்டமன்ற உறுப்பினர்கள் பலர் கேன்டீனில் மாட்டிறைச்சி சாப்பிட்டுவிட்டு அவைக்குள் நுழைந்தார்கள்.

வாதம் உணவைப் பற்றியதாகவே நடந்தது. சந்தையில் கயிற்றைப் பிடித்து நிற்பவரின் கவலை வேறு. கிழமாட்டை விற்ற பணம்தான் அடுத்த மாட்டுக்கு அவர் கையிலுள்ள முதல். அந்த மாடு விலைபோகாவிட்டால் தீவனச் செலவு அவர் தலையில். இடுக்கி அடுப்பில் எலும்பு வேக வேண்டுமானால், பொள்ளாச்சியில் ஒரு கயிறு கைமாற வேண்டும்.