ஸ்க்ரூ நிற்காத ஓட்டை: டூவீலரில் சத்தம்... விமானத்தில் ஆபத்து!

"அண்ணே, டூம் கடகடன்னு ஆடுது. ஸ்க்ரூ போட்டா நிக்க மாட்டேங்குது."

"ஓட்டை பெருசாயிடுச்சு தம்பி. பெரிய வாஷரா போட்டு இறுக்கிடலாம்."

திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் பக்கம், எந்த டூவீலர் மெக்கானிக் கடையில் நின்றாலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழலாம். பைக்கில் இது வெறும் சத்தம். இதே பிரச்னை, வீட்டிலேயே செய்த விமானத்தில் வந்தால்?

வீட்டில் விமானமா என்று கேட்கத் தோன்றும். கேரளாவின் ஆலப்புழாவைச் சேர்ந்த இன்ஜினீயர் அசோக் தாமராக்ஷன், இங்கிலாந்தில் லாக்டவுன் நேரத்தில் 'ஸ்லிங் டிஎஸ்ஐ' என்ற 4 சீட் விமானத்தின் பாகங்களை வாங்கி, தன் வீட்டுத் தோட்டத்து ஷெட்டில் கோக்கத் தொடங்கினார். 2022-ல் அதில் பறந்தார். பிறகு குடும்பத்துடன் ஐரோப்பிய நாடுகளுக்கும் போய்வந்தார். விமானத்துக்கு இளைய மகளின் பெயரைச் சேர்த்து அவர் வைத்த பெயர் 'ஜி-தியா'.

கௌலிங் என்றால் என்ன?

காருக்கு பானெட் போல, விமான இன்ஜினுக்கு மேல் இருக்கும் மூடிதான் கௌலிங். சிறிய விமானங்களில் இதைப் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸில் செய்கிறார்கள். இன்ஜினைப் பரிசோதிக்கும்போதெல்லாம் இதைக் கழற்றி மாட்ட வேண்டும். போதாததற்கு இன்ஜின் அதிர்வு வேறு. ஸ்க்ரூ இரும்பு, சுற்றியிருப்பது ஃபைபர். நாளடைவில் தேய்வது ஃபைபர்தான். வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவமாகிவிடும்.

மூடிதானே என்று விட்டுவிட முடியாது. 2013 மே 24 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து ஆஸ்லோவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், 2 இன்ஜின்களின் மூடிகளும் புறப்படும்போதே பிய்த்துக்கொண்டு பறந்தன. எரிபொருள் கசிந்து, ஒரு இன்ஜினில் தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த 80 பேரும் உயிர் தப்பினார்கள். முந்தைய இரவு பராமரிப்புக்குப் பிறகு மூடிகளின் கொக்கிகள் சரியாகப் பூட்டப்படவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. அங்கே கொக்கி, இங்கே ஸ்க்ரூ. ஆனால், மூடியைப் பிடித்துவைக்கும் சின்னப் பொருள் கைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

பெரிய ஸ்க்ரூ ஏன் கூடாது?

ஸ்க்ரூ போய் மாட்டும் மரை, மூடிக்குப் பின்னால் விமானத்தின் உடலில் இருக்கிறது. அதன் அளவு மாறாது. ஓட்டையைப் பெரிதாக்கினால் மூடியின் ஓரத்துக்கும் ஓட்டைக்கும் நடுவே இருக்கும் பிடிமானமும் குறைந்து, ஒரு நாள் ஓரமே கிழியும். கார் டிங்கரிங்கில் பூசும் பட்டியால் அடைத்தாலும் அதிர்வில் விரிசல் விட்டு உதிர்ந்துவிடும்.

சரியான வழி

* முதலில் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். விமான உடலில் டேப் ஒட்டி, மரையின் மையத்திலிருந்து அளந்து எழுதிவைத்தால், பிறகு தேட வேண்டாம்.
* மூடியைக் கழற்றி, ஆயில் பிசுக்கை அசிட்டோனால் துடைக்க வேண்டும். பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஃபைபர் தெரியும்வரை எடுக்க வேண்டும். கண்ணாடித் தூசு நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் கட்டாயம்.
* வெளிப்பக்கம் டேப் ஒட்டி, எபாக்சியில் பஞ்சு இழை கலந்த பசையால் ஓட்டையை நிரப்ப வேண்டும். உள்பக்கம் 2 அல்லது 3 அடுக்கு கண்ணாடித் துணியை, ஒன்றைவிட ஒன்று பெரிதாக ஒட்ட வேண்டும். இன்ஜின் சூட்டைத் தாங்கும் எபாக்சியாக இருப்பது முக்கியம்.
* நன்றாக இறுகிய பிறகு, மூடியை மாட்டி, குறித்த இடத்தில் சின்ன டிரில்லில் தொடங்கி பழைய அளவுக்கு மட்டும் துளையிட வேண்டும். ஸ்க்ரூ தலைக்குக் கீழே குழிவான ஸ்டீல் வாஷர் வைத்தால், அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவும்.
* செய்த வேலையைப் பதிவேட்டில் எழுதி, அதற்குரிய இன்ஸ்பெக்டரிடம் காட்டிய பிறகே பறக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஓட்டை ஏன் பெரிதானது? மூடி சரியாகப் பொருந்தாமல் இழுத்து மாட்டினார்களா, ஸ்க்ரூவை அளவுக்கு மீறி இறுக்கினார்களா, இன்ஜினே அதிகமாக அதிர்கிறதா? காரணத்தைச் சரிசெய்யாவிட்டால், புது ஓட்டையும் சில மாதங்களில் பழைய கதைதான்.

பைக்குக்கும் இதே கணக்குதான். அடுத்த முறை டூம் ஆடினால், வாஷர் கேட்பதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, உள்ள இருந்த ரப்பர் புஷ் எங்கே?"