இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கதைகள்

‘நல்ல படைப்பு தன் வாசகனைத் தானே தேடிக்கொள்ளும்’ என்ற வாக்கியத்தை முதலில் சொன்னவர் எழுத்தாளராக இருக்க வாய்ப்பில்லை. கடை வைத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும். விற்காத சரக்கின் பழியை அதைச் செய்தவன் தலையிலேயே கட்டிவிட இதைவிட வசதியான வாக்கியம் கிடையாது. சிறுபத்திரிகை வாசகர்களான நமக்கு இதன் போலித்தனம் புதிதல்ல. நூலக ஆணை கிடைக்காத கவிதைத் தொகுப்புகள் கட்டுப் பிரிக்காமல் பரணில் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

இதே வாக்கியம்தான் இன்று சுயாதீன வீடியோ கேம் படைப்பாளிகளுக்கு அறிவுரையாக வழங்கப்படுகிறது. பெருநிறுவனங்களின் முதலீடு இல்லாமல், தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ சேர்ந்து விளையாட்டுகளை உருவாக்குகிறவர்கள் இவர்கள். எப்படி விற்பது, எவ்வளவு விலை வைப்பது, யார் கண்ணில் எப்படிப் படுவது என்று அவர்கள் கேட்கும் எல்லாக் கேள்விகளுக்கும் கடைசியில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: நல்ல விளையாட்டாக இருந்தால் தானாக விற்கும். (வீடியோ கேமுக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இன்னும் சில பத்திகள் பொறுத்துக்கொள்ளவும்.)

இந்தப் பதிலுக்குச் சாட்சியாக அழைத்து வரப்படுபவர் எப்போதும் எரிக் பரோன். ஏறக்குறைய நாலரை ஆண்டுகள் தன்னந்தனியாக உழைத்து, ஓவியம், இசை, நிரல், உரையாடல் அனைத்தையும் தானே செய்து, 2016 பிப்ரவரியில் ‘ஸ்டார்டியூ வேலி’யை வெளியிட்டவர். 2024 முடிவுக்குள் அது 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தது. அருமையான விளையாட்டு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த நாலரை ஆண்டுகளும் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பதை விதந்தோதுகிறவர்கள் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். அவருடைய துணைவியார் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். பரோன் சியாட்டில் அரங்கு ஒன்றில் பகுதிநேரமாக, பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் வேலை செய்தார். அதே ஆண்டுகளில் அதே அளவு உழைத்து, அடுப்பு அணைந்துபோனதால் பாதியில் நிறுத்தியவர்களைச் சாட்சிக் கூண்டில் யாரும் ஏற்றுவதில்லை.

கணினி விளையாட்டுகளுக்கான மிகப் பெரிய இணையக் கடை, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம். 2017 முதல் 100 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் அங்கே விளையாட்டை வைக்கலாம். ஜனநாயகம்தான். ஆனால் 2024 இல் மட்டும் அங்கே 18,000க்கும் அதிகமான விளையாட்டுகள் வந்து சேர்ந்தன. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது. இந்தக் கூட்டத்தில் ‘தானாக’ விற்பது என்றால் என்ன பொருள்? எதை முகப்பில் காட்டுவது, எதைப் பின்வரிசைக்குத் தள்ளுவது என்பதைக் கடையின் கணக்கீடுதான் முடிவு செய்கிறது. ஆகவே படைப்பாளி, விளையாட்டு பாதிகூட ஆகாத நிலையில் கடையில் அதற்கொரு பக்கம் திறந்து, விருப்பப் பட்டியலில் எத்தனை பேர் சேர்த்தார்கள் என்று தினமும் எண்ணிக்கொண்டிருக்கிறார். எழுதி முடிக்காத நாவலுக்கு அட்டைப்படம் போட்டு முன்பதிவு எண்ணும் வேலை இது.

இதையெல்லாம்கூட வணிகத்தின் இயல்பு என்று விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது, கடையின் விதி கலையின் வடிவத்திலேயே கைவைப்பதை.

2015 ஜூனில் ஸ்டீம் பணம் திருப்பித் தரும் விதி ஒன்றைக் கொண்டுவந்தது. வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கிடைக்கும். வாங்குபவர் பக்கமிருந்து பார்த்தால் இது நியாயமான விதி. பழுதான சரக்கை விற்று ஏமாற்றியவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். எண்பது மணி நேரம் ஆட வேண்டிய பெருநிறுவன விளையாட்டுக்கு முதல் 2 மணி நேரம் என்பது பதம் பார்க்கும் ஒரு சோறு. ஆனால் தொண்ணூறு நிமிடத்தில் முடியும் விளையாட்டுக்கு? முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டு, கை கழுவி, ஏப்பம் விட்டுக் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம். ‘சம்மர் ஆஃப் 58’ என்கிற சிறிய திகில் விளையாட்டுக்கு இதுதான் நடந்தது. நல்ல விமரிசனங்கள் வந்தும் ஏராளமானோர் பணத்தைத் திரும்பப் பெற்றுவிட்டதால், காலவரையறை இன்றி இத்துறையை விட்டு விலகுவதாக அதை உருவாக்கியவர் 2021 ஆகஸ்டில் அறிவித்தார்.

விளைவு என்ன? வேண்டுமென்றே நீட்டுகிறார்கள். தேவையில்லாத அலைச்சல், திரும்பத் திரும்ப ஒரே சண்டை, பத்துப் பொருள் பொறுக்கி வந்தால்தான் திறக்கும் கதவு. வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் நாயகி கிணற்று விளிம்பில் நின்றது அவள் விதியால் அல்ல, அடுத்த இதழ் விற்க வேண்டியிருந்ததால். அதை எத்தனை கட்டுரைகளில் கிழித்திருப்போம்! இங்கே அதைவிட மோசம். சிறுகதை எழுதுகிறவனிடம், நூறு பக்கத்துக்குக் குறைந்தால் உன் வாசகனுக்குப் பணம் வாபஸ் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள்.

இதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. 2023 ஜூலை 31 அன்று, டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சிறிய குழு ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதிலிருந்து நாமே கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். வளர்ந்த மகனோ அக்குறிப்பேட்டின் தமிழைப் படிக்கத் தடுமாறுகிறான். புலம்பெயர்வைப் பற்றிய பல கதைகள் பத்துப் பக்கத்தில் விளக்கிச் சொல்வதை அந்தத் தடுமாற்றம் சொல்லிவிடுகிறது. 2024 இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதும், சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் பெரும்பரிசும் அதற்குக் கிடைத்தன. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விலை 15 டாலர். ஆடியவர்களின் விமரிசனங்களில் திரும்பத் திரும்ப வரும் புகார் எது தெரியுமா? ‘சீக்கிரம் முடிந்துவிடுகிறது.’ ஒரு டாலருக்கு எத்தனை மணி நேரம் என்று அளந்து பார்க்கிற ரசனை இது. துணிக்கடையில் மீட்டர் கணக்குக் கேட்பதோடு நின்றிருக்க வேண்டியது.

தீர்வு இல்லாமல் இல்லை. தங்கள் விளையாட்டை யார் எங்கே முடித்தார்கள் என்பதைப் பல விளையாட்டுகள் கடைக்கே பதிந்து அனுப்புகின்றன. கடைசிக் கட்டத்தைத் தாண்டியவருக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி சேர்க்கலாம். அல்லது இரண்டு மணி என்பதை விளையாட்டின் நீளத்தில் ஒரு பங்காக மாற்றலாம். பத்தாண்டு ஆகியும் செய்யவில்லை. முடியாததால் அல்ல, சிறியவர்கள் கடைக்கு ஒரு பொருட்டல்ல என்பதால்.

சந்தேகமிருந்தால் கமிஷன் கணக்கைப் பாருங்கள். ஸ்டீம் எடுப்பது 30 சதவீதம். 2018 இறுதியில் சலுகை அறிவித்தார்கள்: 1 கோடி டாலருக்கு மேல் வரும் வருவாயில் 25 சதவீதம், 5 கோடிக்கு மேல் 20. அதாவது, இருப்பவனுக்குத் தள்ளுபடி. ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் ஈட்டுபவர்களிடம் 15 சதவீதம் போதும் என்று ஆப்பிள் 2021 இல் தலைகீழாகச் செய்தது. அதுவும் தானாக வந்த கருணையன்று, வழக்குகளின் நெருக்கடியில் வந்தது. 15 டாலர் விளையாட்டு 3,000 பிரதிகள் விற்றால் 45,000 டாலர். கடைக்கு 13,500. மீதியை மூன்று பேர் இரண்டு வருட உழைப்புக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மாதம் சுமார் 437 டாலர். இதில் வரியும் திருப்பிக் கொடுத்த பணமும் இன்னும் கழிக்கப்படவில்லை. டொராண்டோவில் இதற்கு ஓர் அறைகூட வாடகைக்குக் கிடைக்காது.

கருவியும் அடுத்தவனுடையது என்பது தனிக் கதை. ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று யூனிட்டி நிறுவனம் 2023 செப்டம்பரில் அறிவித்தபோது, பல வருட உழைப்பை அந்த மென்பொருளில் கொட்டியிருந்தவர்கள் ஒரே இரவில் குத்தகைதாரர்கள் ஆனார்கள். பெரும் எதிர்ப்புக்குப் பின் 2024 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. எதிர்ப்பு பலித்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். கடைக்காரர்களிடமும் இப்படிச் சேர்ந்து கேட்கலாமே என்பதற்காக.

‘வெண்பா’வை நான் ஒரே மாலையில் ஆடி முடித்தேன். பணத்தைத் திரும்பக் கேட்கும் வசதி அதற்குப் பிறகும் பதின்மூன்று நாட்கள் திறந்தே இருந்தது.