தையல் மெஷினும் இடியப்பத் தட்டும்

 

ரமழான் நெருங்கினால் நம் வீட்டு வாசல்களில் ஸகாத் கேட்டு வரும் பெண்களைப் பார்க்கிறீர்கள். மாற்றிய சில்லறைத் தாள்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து அனுப்புகிறோம். அடுத்த வருடம் அதே முகங்கள், அதே வாசல், சில வேளை கூடவே வளர்ந்துவிட்ட மகளும். 2020 மே 21ஆம் திகதி கொழும்பு மாளிகாவத்தையில் ரமழான் உதவிப் பணம் வாங்கத் திரண்ட கூட்டத்தில் நெரிபட்டு மூன்று பெண்கள் மௌத்தானார்கள். கொடுத்தவரின் நிய்யத்தை நான் குறை சொல்லவில்லை. கொடுக்கும் முறையைப் பற்றித்தான் இம்மாதம் உங்களுடன் பேச வேண்டும்.

அன்ஸாரிகளில் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் யாசகம் கேட்டு வந்த செய்தியை அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று நபியவர்கள் கேட்டார்கள். பாதியை உடுத்துப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் இருப்பதாக அவர் சொன்னார். இரண்டையும் கொண்டுவரச் சொல்லி, ஏலமிட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு, மற்றதற்குக் கோடரி. கோடரிக்குப் பிடியைத் தம் கையாலேயே பொருத்தி, விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாட்களுக்குத் தம் கண்ணில் படக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் பத்துத் திர்ஹத்துடன் திரும்பி வந்தார்.

இதில் ஒரு திர்ஹம் முதலில் சாப்பாட்டுக்குப் போனதைக் கவனியுங்கள். பட்டினி கிடக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாயால் தொழில் தொடங்க முடியாது. கையில் கொடுத்த முதல் அரிசிக்குப் போய்விடும். பிறகு நாம், "கொடுத்ததைத் தின்றுவிட்டாள்" என்று பேசுவோம்.

நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றுவது ஷாபிஈ மத்ஹபு. ஹிஜ்ரி 676இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மஜ்மூஃ என்ற நூலில் ஸகாத்தை எவ்வளவு கொடுப்பது என்று விளக்குகிறார்கள். கைத்தொழில் தெரிந்தவருக்கு அத்தொழிலின் கருவியை வாங்கும் அளவு கொடுக்க வேண்டும், அதன் விலை குறைவானாலும் கூடினாலும் சரி. வியாபாரிக்கு அவரது வியாபாரத்துக்கு ஏற்ற முதல். கீரை விற்பவருக்கு ஐந்து அல்லது பத்துத் திர்ஹம், நகை வியாபாரிக்குப் பத்தாயிரம் என்றெல்லாம் உதாரணம் சொல்கிறார்கள். எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது! அரபுக் கல்லூரியில் இந்தப் பாடத்தை நான் வருடா வருடம் நடத்துகிறேன். ஆனால் எங்கள் மஹல்லாவில் ஸகாத்தைக் கூட்டாகச் சேகரித்துக் கொடுக்கத் தொடங்கியபோது, நானும் சேர்ந்துதான் தவறு செய்தேன்.

ஏழு விதவைகளுக்கு ஏழு தையல் மெஷின் வாங்கினோம். பள்ளிவாசல் முன்றலில் வைத்துக் கொடுத்தோம், போட்டோவும் எடுத்தோம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு மெஷின்தான் ஓடியது. ஒன்று விற்கப்பட்டிருந்தது. மற்றவை துணி போர்த்தி மூலையில் இருந்தன. எங்கள் சின்ன ஊரில் ஏழு பேர் தைக்கும் அளவுக்குத் துணி எங்கிருந்து வரும்? அதை யாரும் யோசிக்கவில்லை. அவர்களில் வயதில் மூத்த ஒரு தாத்தாவிடம் காரணம் கேட்டேன்.

"ஹஸரத், எனக்குத் தைக்கவே தெரியாது. நீங்க எல்லாரும் சந்தோசமாத் தாறப்ப வாணாம் எண்டு சொல்ல வெக்கமா ஈந்திச்சி" என்றார்.

அவருக்குத் தெரிந்தது இடியப்பம் அவிப்பது. விடியற்காலையில் எழும்பி, பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். தேவைப்பட்டது கூடுதல் தட்டுகளும், பெரிய அடுப்பும், ஒரு மாதத்துக்கான மாவும்தான். எங்களிடம் கேட்க வெட்கப்பட்டு, அந்த மாவுக்காகக் கிழமைத் தவணை லோன் எடுத்திருந்தார். இந்த லோன்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணை வைப்பார்கள், ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்காக அரசாங்கமே இத்தகைய கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு நிலைமை முற்றியது. வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் நாங்கள் பயான் செய்துகொண்டிருந்தோம். அவளுக்கு வேறு வழியைக் காட்டினோமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகு ஆண்கள் வீடு பார்க்கப் போவதை நிறுத்தினோம். ஆண் துணையில்லாத ஒரு பெண்ணின் குசினிக்குள் போய் நாங்கள் எதைப் பார்க்க முடியும்? ஊரில் விஷயம் தெரிந்த மூன்று சகோதரிகள் போனார்கள். "எவ்வளவு வேண்டும்?" என்று அவர்கள் கேட்கவில்லை. "உங்களுக்கு என்ன தெரியும்? யார் வாங்குவார்கள்? யாருக்கு எவ்வளவு கடன்?" என்று கேட்டு, கொப்பியில் எழுதி வந்தார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் முதலில் கை வைக்கப்படுவது தொழில் முதல்தான் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். எனவே மருந்துக்கென்று ஸதகாவிலிருந்து ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கினோம்.

ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் அடக்கம் என்பது ஸூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம். அந்தப் பங்கிலிருந்து தாத்தாவின் லோனில் பாதியை அடைத்தோம். அதே நிலையில் இன்னும் இருவர் இருந்ததால் முழுவதும் முடியவில்லை. தட்டும் அடுப்பும் அவருக்கே சொந்தமாகக் கொடுக்கப்பட்டன, திருப்பிக் கேட்கும் கடனாக அல்ல. இம்முறை போட்டோ எடுக்கவில்லை.

இப்போது இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறார். மழைக்காலத்தில் விற்பனை குறைகிறது, தேங்காய் விலை ஏறினால் சம்பலுக்குத் திண்டாடுகிறார். லோனில் இன்னும் சில தவணைகள் பாக்கி. ஆனால் சென்ற ரமழானில் வீடு பார்க்கப் போன சகோதரிகளிடம், தன் பெயரை வெட்டிவிட்டு அடுத்த சந்தில் இருக்கும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தைக்கத் தெரியுமாம். மூலையில் கிடந்த மெஷின் இப்போது அங்கே இருக்கிறது.