பஞ்சம் திறமைக்கா, பார்வைக்கா?

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் புனித மகதலேன் மரியா ஆலயம் உள்ளது. புவிக்காந்த நடுக்கோடு அக்கடற்கரையை ஒட்டிச் செல்வதால், ஏவூர்தித் தளத்திற்கு அவ்விடமே உகந்தது என 1960-களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாயும் அவருடைய தோழர்களும் கண்டனர். அன்றைய ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரெய்ரா இறைமக்களிடம் எடுத்துரைத்தார், மக்கள் இசைந்தனர். ஆலயம் அலுவலகமாகவும் ஆய்வுக்கூடமாகவும் மாறியது. மீனவக் குடும்பங்கள் வீடுவாசலை விட்டுப் பெயர்ந்தன. 1963 நவம்பர் 21 அன்று அந்தக் கரையிலிருந்து முதல் ஏவூர்தி விண்ணோக்கி எழுந்தது.

கொடுத்தவர்கள் எளிய மக்கள். அவர்கள் கொடுத்த மண்ணில் எழுந்த வாயிற்கதவு இன்று யாருக்குத் திறக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

விண்வெளி, குறைகடத்திச் சில்லுகள், குவாண்டம் கணினி போன்ற துறைகளை இன்று 'ஆழ்தொழில்நுட்பம்' என்கிறார்கள். நீண்ட ஆய்வும் பெரும் பொறுமையும் வேண்டுபவை இவை. 2020-இல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. 2022 நவம்பரில் ஐதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனமும், 2024 மே மாதத்தில் சென்னையின் அக்னிகுல் நிறுவனமும் தம் முதல் ஏவூர்திகளைச் செலுத்தின. மகிழ்கிறோம். ஆனால் இத்துறையில் ஆளெடுப்போர் ஓயாமல் சொல்லிவரும் ஒரு சொல்லை மட்டும் நம்மால் ஏற்க இயலவில்லை. 'திறமைக்குப் பஞ்சம்' என்பதே அச்சொல்.

பஞ்சமா? உலகின் சில்லு வடிவமைப்புப் பொறியாளருள் ஐந்தில் ஒருவர் இந்தியர் என்று அரசே பெருமை பேசுகிறது. பஞ்சம் இருக்குமானால் இப்பெருமை பொய். பெருமை மெய்யானால் பஞ்சம் என்பது பொய். இரண்டையும் ஒரே நாவால் சொல்வது எப்படி?

உண்மை வேறிடத்தில் இருக்கிறது. வேலை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். முதல்வரிசைக் கல்லூரியில் பயின்றிருக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும் என்கிறார்கள். எல்லாரும் அனுபவம் கேட்டால், அந்த அனுபவத்தைத் தருபவர் யார்? நாற்று விடாமல் நெல் அறுக்க நினைப்பவரை உழவர் என்போமா? பொதுத்துறை முப்பது ஆண்டு உழைத்து உருவாக்கிய அறிவியலார் ஓய்வு பெற்றதும் அவர்களைத் தனியார் நிறுவனங்கள் அழைத்துக்கொள்கின்றன. அதில் தவறில்லை. அவர்களருகே பயிலும் இளைஞர்களையும் அமர்த்தாமல் விடுவதே தவறு. தாலந்து உவமையை நாம் அடிக்கடி கேட்கிறோம். அங்கே தலைவர் முதலில் தாலந்துகளைக் கொடுத்தார். பிறகே கணக்குக் கேட்டார். இங்கே எதையும் கொடுக்காமலே கணக்குக் கேட்கிறார்கள்.

நம் கண்முன் நிற்பவர்களை எண்ணிப் பார்ப்போம். 2018 முதல் 2022 வரை இஸ்ரோவுக்குத் தலைமை ஏற்ற கே. சிவன் குமரி மாவட்ட உழவர் மகன். அரசுப் பள்ளியில் தமிழ்வழி கற்றவர். 2025 சனவரியில் தலைவரான வி. நாராயணனும் குமரி மண்ணில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். இயந்திரவியல் பட்டயப் படிப்பில் தொடங்கி, 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்து, பணியில் இருந்துகொண்டே கரக்பூர் ஐ.ஐ.டி.யில் முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்றவர். 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் தரையிறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்து இரயில்வே தொழிலாளியின் மகன். அவரும் பட்டயப் படிப்பிலிருந்தே மேலேறியவர். இன்றைய ஆளெடுப்புச் சல்லடையில் இருபது வயதில் இவர்களைப் போட்டிருந்தால் எத்தனை பேர் தங்கியிருப்பர்?

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2023-இல் அன்றைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத், ஓர் ஐ.ஐ.டி.க்கு ஆளெடுக்கச் சென்றபோது ஊதிய விவரத்தைக் கண்டதும் மாணவருள் பெரும்பாலோர் எழுந்து போய்விட்டனர் என்று வெளிப்படையாகக் கூறினார். அம்மாணவர்களை நாம் பழிக்கவில்லை. ஆனால் வர விரும்பாதவரைத் துரத்திக்கொண்டே, வாயிலில் காத்து நிற்பவரைக் காணாமல் போவது என்ன அறிவு?

'இது தரத்தின் துறை. இரக்கத்திற்கு இங்கே இடமில்லை' என்பர் சிலர். நாம் இரக்கம் கேட்கவில்லை. ஏவூர்தி இரக்கத்தால் பறக்காது என்பதை அறிவோம். கல்லூரியின் பெயரைச் சோதிக்காமல் மாணவரின் கையையும் மூளையையும் சோதியுங்கள் என்றுதான் கேட்கிறோம். இது தரத்தைத் தாழ்த்துவதன்று. தரத்தை உள்ளபடி அளப்பது.

அரசும் தப்ப முடியாது. உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 0.64 விழுக்காட்டையே இந்தியா 2020-21-இல் ஆய்வுக்குச் செலவிட்டது. தென்கொரியா 4 விழுக்காட்டுக்கும் மேல் செலவிடுகிறது. நம் செலவிலும் தனியார்த் தொழில்துறையின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றே. இளநிலை ஆய்வாளரின் உதவித்தொகை 2023-இல் மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக உயர்ந்தது. அதுவும் உரிய காலத்தில் கைக்கு வருவதில்லை என்று ஆய்வு மாணவர்கள் பலமுறை முறையிட்டுவிட்டனர். வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய பிள்ளை எத்தனை மாதம் காத்திருப்பான்? 2025 ஏப்ரலில் ஒன்றிய வர்த்தக அமைச்சர், உணவு விநியோகத் தொழில்களை விட்டு ஆழ்தொழில்நுட்பத்திற்கு வாருங்கள் எனத் தொழில்முனைவோரைச் சாடினார். சாடியது சரி, வருவதற்கான வழியை அமைப்பது யார் கடமை?

வழி இல்லாமலும் இல்லை. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். அதை ஏட்டளவில் நிறுத்தாமல், ஊதியத்துடன் கூடிய உண்மையான பயிற்சியாக நடத்தினால் 'அனுபவம்' என்ற பூட்டு திறந்துவிடும்.

நம் வீட்டையும் நாமே கூட்ட வேண்டும். மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் பொறியியற் கல்லூரிகள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதைப் பெரும் பலகையில் எழுதுகின்றன. எத்தனை பேர் ஒரு கருவியைத் தம் கையால் செய்து பார்த்தனர் என்பதை எழுதுகின்றனவா? ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்கும் கல்லூரி, நிறுவனங்களை மட்டும் குறை சொல்வது முறையாகாது.

2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். அருகே மீனவ ஊர்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒரு கடற்கரை, மீண்டும் ஓர் ஏவுதளம். அங்கே காவலர் வேலையும் துப்புரவு வேலையும் உள்ளூர் மக்களுக்கு என்று முடித்துவிடக் கூடாது. மதில் எழும் முன்பே, சுற்றியுள்ள பட்டயக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இத்துறைக்கான பயிற்சி தொடங்க வேண்டும். மாவட்ட ஆட்சியரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நம் பங்கு மன்றங்கள் இதை எழுத்தில் கேட்க வேண்டும். தும்பாவின் மக்கள் தம் ஆலயத்தையே தந்தனர். அவர்களைப் போன்றோரின் பிள்ளைகளுக்கு ஓர் ஆய்வுக்கூடத்தின் கதவு திறப்பது சலுகையாகாது; நாடு இன்னும் தீர்க்காத கடன் அது.