பிறழ்ந்த பூவும் பாடம் சொல்லும்

செய்முறை வகுப்பில் நாம் பூவை அறுத்து, மலர்ச் சூத்திரம் எழுதி, மதிப்பெண் பெறுகிறோம். இலக்கணம் பிறழ்ந்த பூ கிடைத்தால் எறிந்துவிட்டு வேறொன்றை எடுக்கிறோம். இது முறைதானா?

பூவின் உறுப்புகள் யாவும் உருமாறிய இலைகளே என்று ஜெர்மானியக் கவிஞர் கெதே 1790-இல் எழுதினார். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காட்டிக் கொடுத்தவை பிறழ்ந்த பூக்களே. அராபிடாப்சிஸ், ஸ்நாப்டிராகன் செடிகளின் பிறழ்வுகளைக் கொண்டு 1991-இல் கோயனும் மேயரோவிட்சும் ஏ, பி, சி என மூவகை மரபணுப் பணிகளை விளக்கினர். ஏ மட்டும் இயங்கினால் புல்லி. ஏயும் பியும் சேர்ந்தால் அல்லி. பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள். சி மட்டுமெனில் சூலகம். சி குன்றினால் தாள்கள் இதழ்களாகி அடுக்குப்பூ தோன்றும். மூன்றும் குன்றினால் இலை போன்ற உறுப்புகளே எஞ்சும். உறவில் தொலைவான இவ்விரு செடிகளிலும் ஏறத்தாழ ஒரே ஏற்பாடு இருப்பது, அது பொது மூதாதை விட்டுச்சென்ற சொத்து என்பதை உணர்த்துகிறது.

"இந்தச் செம்பருத்தி மட்டும் ஏன் அடுக்காகப் பூக்கிறது?" என்று பள்ளிக்கூடம் அறியாத என் தாய் கேட்கிறார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் நான், சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் என்ன விடை கூறுவேன்? பிறழ்ந்த பூவுக்கும் மேசையில் இடம் தருவோம், தோழர்களே! பேராசிரியப் பெருமக்கள் அதற்கும் மதிப்பெண் தருவார்களாக!